பின் இடதுபக்கச் சத்தம்

அண்ணன் காரின் பின்பம்பர் மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தான். நான் அடியில் மல்லாந்து படுத்து, இடதுபக்க ஷாக் அப்சார்பரின் மேல் விரலை வைத்திருந்தேன்.

"கேக்குதாடா?"

"உன் தொப்பை குலுங்குற சத்தம்தான் கேக்குது."

"வெளிய வா, உன் வாயை ஸ்பேனர் போட்டு முறுக்குறேன்."

டொக். இன்னொரு முறை குதித்தான். டொக்.

சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மூன்று டம்ளர் டீயோடு அண்ணி வந்தாள். எங்கள் பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது.

"சத்தம் இன்னும் வருதா தம்பி?"

"வருது அண்ணி."

"அப்ப இன்னிக்கு ஞாயித்துக்கிழமையும் ரேஸ் கிடையாது," என்றாள் அண்ணனிடம். "சத்தம் நிக்காம வண்டியை எடுக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கீங்க."

"குடுத்தேன், குடுத்தேன். உன் கொழுந்தன் இருக்கானே, அவனை நம்பிக் குடுத்தேன் பாரு!"

சாதாரண வீட்டுக் காராக இருந்ததை நாங்கள் இருவரும்தான் ரேஸுக்கு மாற்றினோம். எடை குறைய பின்சீட்டைப் பிடுங்கியாயிற்று. உள்தகரமும் அதன் ஓட்டைகளும் அப்படியே தெரியும். பின்பக்க ஸ்பிரிங், ஷாக், புஷ் எல்லாம் என் கையால் மாட்டியவை. மூன்று வாரத்துக்கு முன் அந்த இடத்திலிருந்துதான் சத்தம் வர ஆரம்பித்தது. வேறு எங்கே சத்தம் வந்தாலும் வண்டியைச் சந்தேகப்பட்டிருப்பேன். இங்கே என்னைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஷாக்கை மாற்றினேன். அதன் மேல் மவுண்ட்டை மாற்றினேன். டிக்கியைக் காலி செய்து உதறினேன்.

"டேய், பழைய வீல் நட்டு இருபது இருக்கணும். டப்பால பத்தொம்பதுதான் இருக்கு," என்று அன்று அண்ணன் கத்தினான். "எண்ணத் தெரியாதவன்லாம் மெக்கானிக்!"

மிச்சம் இருந்தது, சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்தும் கீழ்க்கையின் போல்ட் மட்டும்தான். டீயைக் குடித்துவிட்டு வண்டியை ஜாக்கியில் தூக்கி, அதைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் புஷ்ஷைத் தடவிப் பார்த்தேன். புதிதாகவே இருந்தது. போல்ட்டைத் திருப்பிப் போட்டு விரலால் திருகி வைத்தேன். வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் முழுசாக முறுக்க வேண்டும். தூக்கி வைத்தே முறுக்கினால் ரப்பர் கிழிந்துவிடும்.

ஜாக்கியை இறக்கியதும் அண்ணன் என் பக்கத்தில் குந்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"இதுவும் இல்லடா. ஏதோ தகரம் அடிக்குது, அவ்வளவுதான். மூணு வாரமா உக்காந்து உக்காந்து பித்துப் பிடிக்குது. நீ போய் நின்னுடுச்சுன்னு சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா. நீ சொன்னா நம்புவா."

எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே உள்ளே போனேன். ஸ்பேனர் கையிலேயே இருந்தது.

"சத்தம் நின்னுடுச்சு அண்ணி."

டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். குழாயை மூடவில்லை.

"நின்னுடுச்சா?"

"ஆமா."

"நிஜமாவா? ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் அண்ணி."

ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஈரம் போன பிறகும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

நான் வெளியே வந்தபோது அண்ணன் ரேஸுக்குக் கிளம்பிவிட்டான்; கார் தெருவில் இருந்தது. கோடியில் உள்ள வேகத்தடையில் ஏறி இறங்கியது. டொக். ஸ்பேனர் கையில் ஏன் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. பதினொன்றரை மணிக்குப் போன் வந்தபோது தோன்றியது.

ரேஸில் மூன்றாவது வளைவில் வண்டியின் பின்பக்கம் சுழன்று சுவரில் மோதியிருக்கிறது; அண்ணன் அங்கேயே போய்விட்டான். அளவுக்கு மீறிய வேகம் என்று போலீஸ்காரர்கள் எழுதி முடித்தார்கள். போல்ட் இல்லாத அந்த ஓட்டையைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி சோறு போடும்போதெல்லாம் தட்டையே பார்த்துச் சாப்பிட்டேன். அவளும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஒரு வருடம் பட்டறைச் சுவரோரம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த காரை எடுத்துப் போக, பழைய இரும்புக்காரரின் லாரி வந்தது. அண்ணியும் வாசலில் வந்து நின்றாள். பின் இடதுபக்கத்தில் சக்கரம் இல்லை, ஸ்பிரிங் இல்லை, ஷாக் இல்லை, கீழ்க்கை இல்லை. வெறும் தகரம். சங்கிலி போட்டுத் தூக்கியதும் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

டொக்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணி, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். சத்தம் நிக்கல. அதைத் தேடித்தான் போல்ட்டைக் கழட்டினேன். முறுக்க மறந்துட்டேன். அண்ணனைக் கொன்னது நான்தான்."

அவள் என்னைத் திட்டவில்லை. அந்தரத்தில் ஆடும் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னொரு முறை ஆடியது. அதே டொக்.

"நின்னுடுச்சுன்னு நீங்க சொன்னப்பவே, அது நிக்கலைன்னு எனக்குத் தெரியும் தம்பி."

"எப்படி அண்ணி?"

"அவரு ரேஸுக்குப் போகக் கூடாதுன்னு, அந்தத் தகரத்துக்குள்ள வீல் நட்டைப் போட்டதே நான்தான்."