தாளின் பின்பக்கம்

"இந்த ஆர்டர் முடியற வரைக்கும் மாத்திரையை நிறுத்திப்போடலாம்னு இருக்கேன்" என்றான் அருள்குமார். சூலூரில் துணி பிரின்டிங்குக்கு டிசைன் வரைபவன். மனம் அளவுமீறி எழும்புவதும் சரிவதுமான பைபோலார் நோய்க்காக இரண்டு வருடமாக மாத்திரை எடுக்கிறான்.

"ஏனுங்க?" என்றாள் மனைவி லோகப்பிரியா.

"மாத்திரைக்கு முன்னால ஒரே வாரத்துல நாப்பது டிசைன் போட்டவன் நான். இப்பக் கை மந்தமாயிருச்சு அம்மணி."

"சரிங்க. உங்க டிசைன்ல பழசு, புதுசு எல்லாம் கலந்து தர்றேன். ஆர்டருக்குக் காட்டற மாதிரி அஞ்சு மட்டும் எடுங்க. அப்பறம் நிறுத்துங்க."

பூ வெளியே தெரிய, ஒவ்வொரு தாளையும் குழாயாகச் சுருட்டிப் பார்த்தான். இரண்டு ஓரங்களும் பிசகாமல் சேர்ந்தால்தான் துணியில் கொடி அறுபடாமல் ஓடும். சேராதவற்றைத் தள்ளிவிட்டு ஐந்தை நீட்டினான்.

"கொடி ஓடற வேகத்தைப் பாத்தியா? எல்லாம் மாத்திரைக்கு முன்னால வரைஞ்சது."

"திருப்பிப் பாருங்க."

மாத்திரை போட்டதும் குறித்துவைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவன் அன்றன்று வரையும் தாளின் பின்னாலேயே குறித்துவிடுவான். ஐந்திலும் அவன் கையெழுத்து இருந்தது: 'மாத்திரை போட்டாச்சு.'

தள்ளியவற்றைத் திருப்பினான். பெரும்பாலும் எந்தக் குறிப்பும் இல்லாமல் வெள்ளையாக இருந்தன.

புதுத் தாள் ஒன்றை எடுத்து, முதலில் அதைக் கவிழ்த்து வைத்தான்.

"தண்ணி கொண்டா அம்மணி."