மைப்பொட்டு

செங்கல் சூளையில் கண் வைக்கக்கூட ஆள் கிடையாது. ஆனாலும் பூங்காவனம் தன் கைக்குழந்தை தர்ஷினியின் உள்ளங்காலில் தினமும் மைப்பொட்டு வைத்தாள். வந்த புதிதில் கழன்று கழன்று விழுந்த கொலுசு, இப்போது கணுக்காலை விட்டு அசையவில்லை. கன்னமும் உப்பியிருந்தது. இதைச் சொல்லிச் சந்தோஷப்பட ஒரு சனம் இல்லையே என்பதுதான் அவள் குறை. புருஷன் லாரியோடு போனால் போனதுதான். பக்கத்துக் குடிசைக்காரர்கள் பேசும் பாஷை இவளுக்குப் புரியாது.

அன்றைக்கு முதல்முறையாகச் சூளைப் பக்கம் வந்த ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் குடிசைக்குள் எட்டிப் பார்த்ததும், அவசரமாகக் குழந்தையின் காலைத் துணியால் மூடினாள்.

"எதுக்கும்மா மூடுறே?"

"கண்ணு வச்சிராதீங்கக்கா. இப்பத்தான் சதை புடிச்சிருக்கா."

"பால் குடிக்கிறாளா?"

"வத்திப்போச்சு. கஞ்சித் தண்ணிதான். பாவம், அழக்கூட மாட்டா."

நர்ஸ் துணியை விலக்கி, புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. அது மேலே எழவில்லை.

"இது சதையில்லம்மா. சத்தில்லாம நீர் கோத்திருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றவள், வண்டிக்குப் போன் செய்ய வெளியே ஓடினாள்.

பூங்காவனம் அந்தக் குழியை நீவி நீவிப் பார்த்தாள். இங்கே வந்ததிலிருந்து பிள்ளைமேல் வேறொருத்தர் கை பட்டதற்கு அது ஒன்றுதான் அடையாளம். பிறகு முந்தானையை எச்சிலில் நனைத்து உள்ளங்கால் மையை அழுத்தித் துடைத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் வந்து நின்றாள்.

யார் கண்ணாவது படட்டும்.