குனிந்து காட்டிய டாக்டர்

பல் மருத்துவர்கள் மாநாட்டில் ‘நிமிர்ந்த முதுகு’ விருது வாங்கிய டாக்டர் இளம்பரிதி, “நோயாளியின் வாய்க்குள் இப்படிக் குனிந்து பார்க்காதீர்கள். சின்னக் கண்ணாடியில் பாருங்கள்!” என்று முழங்கி, மேடையிலேயே குனிந்தும் காட்டினார்.

அரங்கம் அதிர்ந்தது.

“போதும் டாக்டர், நிமிருங்க,” என்று கிசுகிசுத்தார் உதவியாளர் பிலோமினா.

“முடியலம்மா. முதுகு பிடிச்சுக்கிச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத.”

“அடடா, என்ன தத்ரூபம்!” என்று முன்வரிசை துள்ளி எழுந்தது. “ஒன்ஸ் மோர்!” என்றது பின்வரிசை. முந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தலையைத் தூக்க முடியாத டாக்டர், சட்டைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்து முகத்துக்குக் கீழே பிடித்து அரங்கத்தைப் பார்த்தார். வலி மறந்து கூவினார்.

“பிலோமினா, இங்க வந்து பாரும்மா! எழுந்து நிக்கிறவங்கள்ல ஒருத்தர் முதுகாவது நேரா இருக்கா?”