பின் சீட்டு

நெஞ்சு வலிக்குக் கொடுத்த மாத்திரைகளை ரெஜினா ரோஜாத் தொட்டி மண்ணில் புதைத்து வந்தாள். ஒருநாள் மண்ணைக் கிளறப்போய் அவள் கணவர் சவரிமுத்து அதைக் கண்டுபிடித்தார். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சூடாக்கிய பிளாஸ்டிக் தாளை மர அச்சின்மேல் காற்றை உறிஞ்சிப் படியவைத்து, முழ நீளத்தில் ஒரு பொம்மை ஜெட் செய்துகொண்டிருந்தார்.

“பைலட்டுக்கு பெல்ட் செய்யணும். உன் மாத்திரை அட்டையில இருக்கிற வெள்ளித்தாள்தான் சரியா வரும். தினம் ஒண்ணு வேணும்,” என்றார் அவளிடம்.

அன்றிலிருந்து காலைதோறும் ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் இடுக்கியுமாக வந்து, அவள் விழுங்கும்வரை நின்றார்.

மூன்று மாதம் கழித்து, மேசையைத் துடைத்தவள் ஜெட்டின் கண்ணாடி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே பைலட் உட்காரும் ஒரே ஒரு சீட்டுதான் இருந்தது. அதற்கு பெல்ட் எப்போதோ மாட்டியாகிவிட்டது. பக்கத்துத் தீப்பெட்டி நிறைய வெள்ளித்தாள்கள், கத்தரி படாமல்.

மறுநாள் காலை அவர் வந்து நின்றார்.

“இன்னும் எத்தனைங்க வேணும்?”

சவரிமுத்து இடுக்கியையே பார்த்தார். “பின் சீட்டுக்கு பாக்கி இருக்கு.”

ரெஜினா வெள்ளித்தாளைக் கிழியாமல் உரித்து நீட்டினாள்.

“பின்னாடி நான் உக்காரப்போறேன். பெல்ட்டைக் கெட்டியா செய்யுங்க,” என்று மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள்.