திரும்பாத ஓர்ஃபியோ

மாந்துவா நகர அரங்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலைக் காட்சி. மேடை விளிம்புக் குழிக்குள் உட்கார்ந்து பாடகர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கிறேன். என் கண்ணுக்கு நேரே ஓர்ஃபியோவாகப் பாடும் ஃபியோரென்ஸோவின் செருப்பு நுனி. செத்த மனைவியைப் பாதாளத்திலிருந்து கூட்டி வருகிறான். திரும்பிப் பார்த்தால் அவளை இழப்பான். பழைய கதையில் பார்ப்பான், இழப்பான், புலம்பிப் பாடுவான். "சின்னதுங்க அழுதா அடுத்த வருஷம் எந்த டீச்சரும் கூட்டிட்டு வரமாட்டா" என்று இயக்குநர் லுக்ரேசியா முடிவைக் கல்யாண விருந்தாக்கிவிட்டாள். அந்தப் புலம்பல் பாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு இசைநாடகத்தை அறிமுகப்படுத்துகிறாளாம்! பள்ளியில் பழக்கியபடி அரங்கமே "திரும்பாதே" என்று பாடுகிறது. அசட்டுச் சிரிப்போடு அவன் நடக்கிறான். எனக்குக் கூசுகிறது, அவனுக்காகவா, ஒத்திகையில் இதை எதிர்த்து வாயைத் திறக்காத எனக்காகவா, தெரியவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமியின் குரல் எகிறுகிறது: "யோவ், பின்னால வர்றது அவதானான்னு உனக்கெப்படித் தெரியும்? பாக்க ஆசையாவே இல்லையா?" செருப்பு நிற்கிறது. மெல்லத் திரும்புகிறது, இப்போது குதிகால் தெரிகிறது. வாத்தியங்கள் ஓய்கின்றன. வெட்டிய பாட்டின் முதல் வரியைக் கிசுகிசுக்கிறேன். அவன் பாடுகிறான். "பலூனக் கொட்டுங்கடா, சீக்கிரம்!" என்று திரைமறைவில் லுக்ரேசியா கத்துகிறாள். ரோஜா நிறப் பலூன்கள் கொத்துக் கொத்தாக இறங்குகின்றன. என் முதுகுக்குப் பின்னால், "ஐ, பலூன்!" என்று ஒரு பிள்ளைகூடக் கூவவில்லை.