ஐந்தாவது கடை

"அஞ்சாவது கடைய இன்னொரு தரம் படி ஆத்தா" என்றார் காத்தமுத்து.

மகள் வினிதா போனைப் பார்த்துப் படித்தாள். 'லாஸ் பால்மித்தாஸ் போனால் எங்கே சாப்பிடலாம்' என்று ஊர் சுற்றும் ஒரு வெள்ளைக்காரர் எழுதி வைத்திருந்த பக்கம் அது.

லாஸ் பால்மித்தாஸ் ஹோண்டுராஸ் நாட்டில் ஒரு சின்ன ஊர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெஸ் நடத்தும் காத்தமுத்து திருச்சியைத் தாண்டியதில்லை. ஆனாலும் அந்த ஊரின் ஐந்து கடைகளும் இரண்டு நாளில் அவருக்கு மனப்பாடம். முதல் கடையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். இரண்டாவதில் பீட்சா, மூன்றாவதில் பீர். நான்காவது கடை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஐந்தாவது இப்படி இருந்தது.

"போர்டு கிடையாது. பத்து நாற்காலி. ஒரு மணிக்கு மேல போனா ஒண்ணும் இருக்காது. நம்ம என்ன சாப்புடணுங்கறத கடை நடத்துற பெர்த்தா அம்மாதான் முடிவு பண்ணுவாங்க. மிச்சம் வச்சா திட்டுவாங்க."

காத்தமுத்து, "இதுதான் மெஸ். ஒத்தையில இருக்குற பய இங்கதான் சாப்புடுவான்" என்றார்.

ஒத்தையில் இருக்கும் பயல் ராஜ்கமல். சாணார்பட்டிக்காரன், அந்த ஊர் நூல் மில்லில் நாலு வருடமாக மெக்கானிக். வினிதாவுக்கு வந்த வரன். வீடியோவில் இரண்டு தடவை பேசினான். பேசினான் என்பதைவிட, அவன் அம்மா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான் என்பதுதான் சரி. வினிதாவுக்குப் பிடித்திருந்தது. நாளைக் காலை மாப்பிள்ளை வீட்டுக்கு முடிவு சொல்லியாக வேண்டும்.

விசாரிக்காமல் பெண் கொடுப்பது காத்தமுத்துவின் குடும்பத்தில் கிடையாது. விசாரிப்பது என்றால் பையன் சாப்பிடும் கடையில்தான். அவருடைய மெஸ்ஸுக்கே மாதம் இரண்டு பேராவது அப்படி வருவார்கள். எதற்கு என்று சொல்ல மாட்டார்கள். இந்தப் பக்கம் வந்தோம், சாப்பாடு எப்படி என்று உட்கார்ந்து மெதுவாக ஆரம்பிப்பார்கள். காத்தமுத்துவும் யாருடைய கல்யாணத்தையும் கெடுக்க மனசில்லாமல் எல்லாப் பயல்களையும் தங்கம் என்பார். முந்தின நாள் பேகம்பூர் சாக்கடையிலிருந்து தூக்கி வந்தவனையும் தங்கம் என்றுதான் சொன்னார்.

அவனை விசாரிக்க ஆயக்குடியிலிருந்து வந்தவர் மட்டும் விவரமானவர். "சரி, ஒங்க பொண்ணக் குடுப்பீகளா?" என்று கேட்டுவிட்டார். காத்தமுத்துவுக்கு வாய் வரவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்துவிட்டு அவர் பேசாமல் கை கழுவிக்கொண்டு போனார். எந்த மெஸ்காரனும் பொய் சொல்ல முடியாத கேள்வி அது ஒன்றுதான் என்று அன்றைக்கே அவருக்கு விளங்கியது.

சாயங்காலம் ஆறரை மணிக்கு, அங்கே காலை ஏழு மணியாக இருக்கும்போது, அந்தப் பக்கத்தில் போட்டிருந்த நம்பருக்குக் கூப்பிட்டார்கள். மனைவி மணிமேகலையின் போனில் பெர்த்தா அம்மாள். வினிதாவின் போனில், இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொல்லும் ஒரு குரல். எதைச் சொன்னாலும் ரயில் வருவதை அறிவிப்பதுபோலவே சொல்லியது.

முறைப்படி ஆரம்பித்தார். நாங்கள் ராஜ்கமலுக்கு ஊர்க்காரர்கள். உங்கள் ஊருக்கு வரலாமென்று இருக்கிறோம், சாப்பாடு எப்படி என்றார். பெயரைக் கேட்டதும் அந்தப் பக்கம் பெரிய ஆரவாரம். கட்டாயம் வர வேண்டும், வேறு எந்தக் கடையிலும் சாப்பிடக் கூடாது என்றாள் பெர்த்தா அம்மாள்.

பையன் எப்படி என்று கேட்டார். தங்கம் என்றாள்.

காத்தமுத்து மனைவியைப் பார்த்தார். "நாஞ் சொல்லுறதையே சொல்லுது."

குடிப்பானா? தொடமாட்டான். கோபம்? வராது. காலையில் அடுப்பருகே நின்று சோள ரொட்டியைத் தானே சுட்டுக்கொள்வான். தட்டையும் தானே கழுவிவிட்டுத்தான் மில்லுக்குப் போவான்.

"அடுப்படிக்குள்ள விடுறாகளா?" என்று கேட்டார் காத்தமுத்து. இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய அடுப்படிக்குள் வெளியாள் ஒருவனும் கால் வைத்ததில்லை.

"அந்த ஊர்ல அப்படி இருக்கும். அடுப்படி தெரிஞ்ச மாப்பிள்ள கெடைக்கறது லேசா?" என்றாள் மணிமேகலை. அவள் முகத்தில் ஏற்கெனவே கல்யாணக் களை வந்திருந்தது.

காத்தமுத்துவுக்கு இல்லை. தங்கத்தை உரசிப் பார்க்க வேண்டும். அந்த ஆயக்குடிக் கேள்வியை வினிதாவிடம் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டே போனிடம் சொன்னாள்.

"உங்களுக்கு ஒரு மகள் இருந்தால், இவனுக்குக் கட்டிக்கொடுப்பீர்களா?"

போன் அதை ஸ்பானிஷில் ஒப்பித்தது. காத்தமுத்து காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்த மௌனம் வருகிறதா என்றுதான் காத்திருந்தார். ஒரு இருமல், ஒரு தொண்டைச் செருமல், எது வந்தாலும் அவருக்குப் போதும்.

வரவில்லை. கேள்வி முடிவதற்குள் பெர்த்தா அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படபடவென்று ஏதோ சொன்னாள்.

காத்தமுத்துவுக்குப் பாரம் இறங்கியது. இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தார். "யோசிக்கவே இல்ல பாத்தியா? இதுக்கு மேல என்ன வேணும். வெள்ளிக்கிழமையே நிச்சயத்த வச்சிரலாம்னு சாணார்பட்டிக்குச் சொல்லிரு" என்றார்.

மணிமேகலை சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். வினிதாவின் போன் அப்போதுதான் மொழிபெயர்த்து முடித்தது.

"கட்டிக்கொடுத்து மூன்று வருடம் ஆகிறது."