அந்தரத்தில் கம்பிக் கட்டு

உச்சியிலிருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் வெயில் இறங்கிக் கிரேன்காரரின் தொடையைச் சுடுகிறது. கொக்கியில் தொங்கும் இரும்புக் கம்பிக் கட்டு மெல்ல ஆட, அவர் வயிறும் கூடவே ஆடுகிறது. எடை கூடியவன் ஏணி ஏறக் கூடாது என்று கம்பெனி சொன்னதிலிருந்து உடம்பு குறைக்கும் ஊசியை வாராவாரம் போட்டுக்கொள்கிறார். நேற்றுப் போட்டது இன்று தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. குமட்டும் என்பதை டாக்டர் போகிற போக்கில்தான் சொன்னார். அவருக்கென்ன, தரையில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளங்கை வியர்வையில் லீவர் வழுக்குகிறது. வாக்கிடாக்கி கரகரக்கிறது. "என்னண்ணே, மேல தூங்கிட்டீங்களா?" கட்டை எங்கே இறக்குவதென்று கீழே நின்று கை காட்டுகிறவனின் குரல். "காத்துடா. அடங்கட்டும்." "காத்தா? இங்க ஒரு தூசி பறக்கல. உடம்பு சரியில்லன்னா சொல்லுங்க, சூப்பர்வைசரைக் கூப்பிடறேன்." கூப்பிட்டால் இன்றோடு வேலை போய்விடும். ஊசியை நிறுத்தினாலோ பழைய உடம்பு திரும்பி வரும், அப்போதும் போய்விடும். வாயில் ஊறும் புளிப்பை விழுங்குகிறார். கம்பிக் கட்டின் நிழலில் மஞ்சள் தலைக்கவசங்கள் நகர்வதைப் பார்க்கிறார். "ஆளுங்கள எல்லாம் தள்ளி நிக்கச் சொல்லு." தலைக்கவசங்கள் சுவரோரமாக ஒதுங்குகின்றன. ஒன்று மட்டும் அங்கேயே நிற்கிறது. "உன்னையும்தாண்டா சொன்னேன். தள்ளிப் போ." "நானும் போயிட்டா உங்களுக்கு யாருண்ணே கை காட்டுறது? இறக்குங்க."